வார்டுக்குள் ஒரு பட்டறை

இதயம் செயலிழந்துபோன ஒருவரை, மாற்று இதயம் கிடைக்கும்வரை உயிரோடு வைத்திருக்கும் பம்புக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1994-ல் அனுமதி தந்தது. அது பெரியவர்களுக்கானது. சிறு குழந்தைகளின் உடம்புக்கென்றே செய்யப்பட்ட அதே வகைப் பம்பான ஜெர்மனியின் 'பெர்லின் ஹார்ட் எக்ஸ்கார்' அந்த அனுமதியைப் பெற்றது 2011 டிசம்பரில். நடுவில் 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. பெர்லினில் 1990-லேயே ஒரு குழந்தைக்கு இந்த வகைப் பம்பைப் பொருத்திக் காப்பாற்றியிருந்தார்கள். ஆகவே விஞ்ஞானம் தெரியாததால் வந்த தாமதம் இல்லை இது. மிகச் சிறிய பம்பின் அறை 10 மில்லி லிட்டர் ரத்தம்தான் கொள்ளும், இரண்டு தேக்கரண்டி அளவு. அதைச் செய்யும் கைத்திறன் இருந்தது. அதைச் செய்து, சோதித்து, அனுமதி வாங்கி விற்பதற்கான அவசரம்தான் யாருக்கும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க மருத்துவர்கள் குழந்தைக்குக் குழந்தை தனியாகச் சிறப்பு அனுமதி கேட்டு அந்தப் பம்பை வரவழைத்தார்கள்.

ஏன் அவசரம் இல்லை என்பதைப் புரிந்துகொள்வது கடினம் இல்லை. குழந்தைகள் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். கடும் நோய் வருபவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. அந்தக் குறைவான எண்ணிக்கைக்குள்ளும் ஒரு கிலோ எடைகூட இல்லாத குறைப்பிரசவக் குழந்தை முதல் அறுபது கிலோ எடையுள்ள பதினேழு வயதுப் பிள்ளை வரை எல்லோரும் அடக்கம். ஒரே கருவியை ஐந்தாறு அளவுகளில் செய்ய வேண்டும். குழந்தை வளரும்; இன்று பொருத்தியது அடுத்த ஆண்டு சிறுத்துப்போகும். உள்ளே வைக்கும் பொருள் பத்து ஆண்டுகள் உழைத்தால் எழுபது வயதுக்காரருக்குப் போதும். ஏழு வயதுக் குழந்தைக்குப் போதாது. சோதனை ஆய்வுக்கு ஆகும் செலவோ பெரியவர்களுக்கான கருவிக்கு ஆவதைவிடக் குறைவதில்லை. எனவே நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. அப்பாவின் சட்டையை மடித்துத் தைத்து மகனுக்குப் போடுவதுபோல, மருத்துவர்கள் பெரியவர்களின் கருவியைக் குழந்தைக்கு ஏற்ப ஒட்டியும் வெட்டியும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் இதைச் சரிசெய்யச் சட்டமே தேவைப்பட்டது. அரிய நோய்களுக்கான கருவிகளுக்குச் சலுகை முறையில் அனுமதி தரும் ஏற்பாடு அங்கே உண்டு. பலன் இருக்க வாய்ப்பு உண்டு, அது ஆபத்தைவிட அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் லாபம் வைத்து விற்கக் கூடாது. 2007-ல் நாடாளுமன்றம் அந்த லாபத் தடையைக் குழந்தைகளுக்கான கருவிகளுக்கு மட்டும் தளர்த்தியது. கருவி யோசனை உள்ளவர்களுக்குக் கைகொடுக்கும் கூட்டமைப்புகளுக்கு நிதியும் ஒதுக்கியது.

சட்டம் உதவும். ஆனால் குழந்தை மருத்துவத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் புரட்டினால், அது சந்தையில் பிறந்ததாகவோ சட்டத்தில் பிறந்ததாகவோ தெரியவில்லை. திரும்பத் திரும்ப அது குழந்தைகள் மருத்துவமனையின் வார்டில்தான் பிறந்திருக்கிறது. நோயை அறிந்த மருத்துவர், கருவி செய்யத் தெரிந்த ஒருவர், குழந்தையை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரோ நர்ஸோ, இவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார நேர்ந்த இடங்களில் பிறந்திருக்கிறது. பெரும்பாலும் அது தற்செயலாக நேர்ந்தது. அந்தத் தற்செயலை வழக்கமாக்குவதுதான் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று புதுமைக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் என்பது என் வாதம். அதோடு சேர்ந்தே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவி வார்டை விட்டு வெளியே போகும்போது, அந்த வார்டின் கண்காணிப்பும் கூடவே போகாவிட்டால் அது உயிரைக் காப்பதற்குப் பதிலாக எடுத்துவிடவும் கூடும்.

மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் நோயின் கதையில் இது தெளிவாகத் தெரியும். மூளையின் உள்ளறைகளில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டர். அது மூளையைச் சுற்றி வந்து ரத்தத்தில் கலந்துவிட வேண்டும். வழி அடைபட்டால் நீர் தேங்கும். கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று சேர்ந்திராததால் தலை பெருக்கத் தொடங்கும், மூளை நசுங்கும். தேங்கிய நீரை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கு அடியில் இறக்கி இதயத்துக்கோ வயிற்றுக்கோ கொண்டுபோய் விடுவதுதான் ஷண்ட். யோசனை எளிது, சிக்கல் வால்வில். நீர் ஒரு பக்கமாக மட்டும் போக வேண்டும். மிகக் குறைந்த அழுத்தத்திலும் திறக்க வேண்டும், தேவைக்கு மேல் வடியவும் கூடாது. உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். 1950-களின் நடுவில் இப்படி ஒரு வால்வு யாரிடமும் இல்லை.

1955-ல் பிலடெல்ஃபியாவில் ஜான் ஹோல்டருக்கு முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு ஒரு மகன் பிறந்தான். கூடவே தலையில் நீரும் கோத்துக்கொண்டது. ஹோல்டர் பூட்டு செய்யும் நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளர். மகனுக்கு வைத்தியம் செய்த குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் யூஜீன் ஸ்பிட்ஸோடு சேர்ந்து, அப்போது புதிதாக வந்திருந்த சிலிகானில் ஒரு வால்வு செய்தார். 1956-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஷண்ட் சிகிச்சை உலகெங்கும் பரவியதே அதன் பிறகுதான். நான்கு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்டு டாலின் நான்கு மாத மகன் இருந்த தள்ளுவண்டி மீது டாக்ஸி மோதியது. தலையில் பலத்த அடி, நீர் கோத்தது, ஷண்ட் பொருத்தினார்கள். அது அடைபட்டது. மாற்றினார்கள், மறுபடியும் அடைபட்டது. ஒவ்வொரு முறை அடைபடும்போதும் மூளையில் அழுத்தம் ஏறும். பார்வை பறிபோகும் அபாயம். மறுபடி அறுவை சிகிச்சை. இங்கிலாந்துக்குத் திரும்பிய டால், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர் கென்னத் டில்லிடம் ஏன் இப்படி அடைத்துக்கொள்கிறது என்று கேட்டார். அடிபட்டு ரத்தம் கசிந்த மூளையின் நீரில் கசடு மிதக்கும், அது வால்வின் மெல்லிய கீறலில் சிக்கிக்கொள்கிறது என்பது டில்லுக்குத் தெரிந்திருந்தது. டாலுக்கு ஸ்டான்லி வேட் என்பவரைத் தெரிந்திருந்தது. வேட் திரவ விசைப் பொறியாளர்; பொம்மை விமானங்களின் எஞ்சினுக்கு எரிபொருள் தள்ளும் துளியூண்டு பம்புகளைச் செய்பவர். அந்தப் பம்புகள் அடைபடுவதில்லை. கீறலுக்குப் பதிலாக, சிறு கூட்டுக்குள் அசையும் உலோகத் தட்டுகளை வைத்து மூவருமாக ஒரு வால்வை உருவாக்கினார்கள். 1962-ல் அந்த மருத்துவமனையில் அதைக் குழந்தைக்குப் பொருத்தினார்கள். அதற்குள் டாலின் மகன் தேறிவிட்டதால் அவனுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் உலகெங்கும் சுமார் 3,000 குழந்தைகளுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. மூவரும் அதில் லாபம் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

பிரபல எழுத்தாளரும் பொம்மை விமானமும் இருப்பதால் இந்தக் கதையை வியப்புக்காகவே சொல்வது வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது டில்லின் பங்கு. வேட் திறமைசாலி, ஆனால் டில் சொல்லியிராவிட்டால், குழந்தையின் மூளை நீரில் என்ன மிதக்கிறது, எந்த அழுத்தத்தில் தட்டு திறக்க வேண்டும் என்பது அவருக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. பொறியாளர்கள் குழந்தை மருத்துவத்துக்குள் வராமல் இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. கேள்வி அவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. கேள்வி வார்டில் இருக்கிறது. நள்ளிரவில் அலறும் மானிட்டரின் முன்னால் நிற்கும் நர்ஸிடம் இருக்கிறது. அதை வெளியே எடுத்துச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஹோல்டரும் டாலும் தந்தையர் என்பதால் தங்கள் கேள்வியை விடாமல் எடுத்துப்போனார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் பூட்டுத் தொழில்நுட்பம் தெரிந்த தகப்பன் வாய்க்க மாட்டார்.

அதே நோயின் கதை உகாண்டாவில் வேறொரு திசையில் திரும்பியது. அந்நாட்டின் கிழக்கே உள்ள எம்பாலே நகரில் 2001-ல் திறக்கப்பட்ட கியூர் குழந்தைகள் மருத்துவமனையில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் பணியாற்றினார். அங்கே வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பிறவிக் கோளாறைவிட, பிறந்த சில வாரங்களில் வந்த மூளைத் தொற்றால்தான் நீர் கோத்திருந்தது. முதல் கேள்வி விலை பற்றியது. 650 டாலர் விலையுள்ள அமெரிக்க ஷண்டையும், இந்தியாவில் தயாராகும் 35 டாலர் சாப்ரா ஷண்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார். ஓராண்டுக்குப் பிறகு குழந்தைகளின் நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் செய்யப்படும் அந்த எளிய ஷண்ட், கிட்டத்தட்ட இருபது மடங்கு விலையுள்ள ஷண்டுக்கு ஈடாக நின்றது. ஆனால் வார்ஃபை உறுத்தியது அடுத்த கேள்விதான். ஷண்ட் என்றாவது ஒரு நாள் அடைபடும். பாஸ்டனில் அடைபட்டால் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். உகாண்டாவின் ஒரு கிராமத்தில் அடைபட்டால், பஸ் பிடித்து வருவதற்குள் குழந்தை இறந்துவிடக் கூடும். எனவே குழாயே இல்லாமல் செய்ய முடியுமா என்று யோசித்தார். உள்நோக்கிக் கருவியால் மூளையின் உள்ளறையின் அடியில் சிறு துளை போட்டு நீருக்கு மாற்று வழி அமைப்பது ஏற்கெனவே தெரிந்த முறை. கைக்குழந்தைகளிடம் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதோடு நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் இன்னொரு பழைய முறையைச் சேர்த்தார். இரண்டும் சேர்ந்து பல குழந்தைகளுக்குப் பலித்தன.

பலித்தது என்று சொன்னால் போதுமா? போதாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஷண்டையும் இந்தப் புதிய முறையையும் அதே எம்பாலே மருத்துவமனையில் 100 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் அறிவு வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, வாழ்நாள் முழுக்க ஒரு குழாயை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லாமலேயே பல குழந்தைகள் அதே அளவு தேறினார்கள். உகாண்டாவில் பிறந்த இந்த முறையை இன்று அமெரிக்காவின் குழந்தைகள் மருத்துவமனைகளும் செய்கின்றன. புதுமை பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு இறங்கி வரும் என்ற நினைப்பில் ஊறிப்போனவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். எம்பாலேயில் நடந்ததில் புதிய இயந்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தங்கள் நோயாளி எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறார் என்பதைச் சிகிச்சையின் பகுதியாக எடுத்துக்கொண்ட மருத்துவமனை இருந்தது.

தொழில்நுட்பம் என்றதும் கருவி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் வேலை நடக்கும் ஒழுங்கும் தொழில்நுட்பம்தான். இதய அறுவை முடிந்த கைக்குழந்தையைத் தியேட்டரிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் பத்து நிமிடங்கள் மிக ஆபத்தானவை. எல்லாக் குழாய்களையும் வயர்களையும் கழற்றி வேறு இயந்திரங்களில் மாட்ட வேண்டும். அதே நேரத்தில் நோயாளி பற்றிய தகவல்களையும் சொல்லிவிட வேண்டும். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவர்கள் மார்ட்டின் எலியட்டும் ஆலன் கோல்ட்மனும், கார் பந்தயத்தில் சில விநாடிகளில் சக்கரம் மாற்றும் குழுவைப் பார்த்து, ஃபெராரி அணியிடமே போய்க் கேட்டார்கள். யார் எங்கே நிற்பது, யார் எதைத் தொடுவது, யார் தலைமை தாங்குவது என்பதெல்லாம் அங்கே முன்கூட்டியே தீர்மானமானவை. இங்கே மயக்க மருத்துவர் தலைமை ஏற்றார். முதலில் இயந்திரங்களை மாட்டி முடிப்பது, பிறகு எல்லோரும் அமைதியாக நின்று தகவல் கேட்பது என்று வரிசை வந்தது. 2007-ல் வெளியான ஆய்வின்படி, ஒரு மாற்றத்தின்போது நேரும் தொழில்நுட்பத் தவறுகள் சராசரியாக 5.42-லிருந்து 3.15-ஆகக் குறைந்தன, விடுபட்ட தகவல்கள் ஏறத்தாழ பாதியாகின. நேரமும் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. இதே மருத்துவமனையின் மார்க் டி லெவல், தன் கையால் செய்த 104 அறுவை சிகிச்சைகளில் தோல்விகள் ஏன் கொத்தாக நேர்ந்தன என்பதை 1994-லேயே ஆராய்ந்து பகிரங்கமாக வெளியிட்டவர். தோல்வியை மேசை மேல் வைக்க ஒரு மூத்த மருத்துவர் கூசாத இடத்தில்தான் இளையவர்களும் நர்ஸ்களும் வாய் திறப்பார்கள். என் பார்வையில், கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டும் புதுமை மையங்களைவிட அந்தக் கட்டுரை மதிப்பு மிக்கது.

இனி நம் பக்கத்து நாடான வங்க தேசத்துக்கு வருவோம். டாக்காவில் உள்ள ஐ.சி.டி.டி.ஆர்.பி. ஆய்வு மருத்துவமனையில், நிமோனியாவால் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுப்பதுதான் நடைமுறையாக இருந்தது. வென்டிலேட்டர்கள் குறைவு, விலையோ மிக அதிகம். மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஷ்டி ஆஸ்திரேலியாவில் பார்த்த 'பபிள் சிபேப்' முறையை இங்கே மலிவாகச் செய்ய முயன்றார். அதன் தத்துவம் இதுதான்: குழந்தை மூக்குக் குழாய் வழியாக ஆக்சிஜனை இழுக்கிறது, விடும் மூச்சு இன்னொரு குழாய் வழியாகப் போய்த் தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்குள் குமிழ்களாக வெளியேறுகிறது. குழாயின் நுனி தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அந்த ஐந்து சென்டிமீட்டர் நீரின் எதிர்ப்பைத் தள்ளித்தான் மூச்சு வெளியேற முடியும். அந்தச் சிறு எதிர்ப்பு நுரையீரலின் காற்றறைகள் ஒட்டி மூடிக்கொள்ளாமல் காக்கிறது. அழுத்தம் கூட வேண்டுமா, குழாயை இன்னும் கொஞ்சம் ஆழமாக விட வேண்டும், அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியாகிக் கிடந்த ஷாம்பு பாட்டிலே அவருக்குப் போதுமானதாக இருந்தது. 225 குழந்தைகளிடம் நடந்த ஆய்வை 'லான்செட்' மருத்துவ இதழ் 2015-ல் வெளியிட்டது. வழக்கமான குறை வேக ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள்; குமிழ் பாட்டில் பிரிவில் 4 சதவீதம். இறப்பில் இவ்வளவு வேறுபாடு தெரிந்ததால் கண்காணிப்புக் குழு ஆய்வை முன்கூட்டியே நிறுத்தியது.

கதை இங்கே முடிந்திருந்தால், பாட்டிலை எல்லா ஊருக்கும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவியில், சலிமா மாவட்ட மருத்துவமனையில் பபிள் சிபேப் முறையைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி., கடும் ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு போன்ற கூடுதல் ஆபத்து உள்ள 644 நிமோனியாக் குழந்தைகள் அதில் இடம்பெற்றார்கள். 2019-ல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது: சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம் பேர் இறந்தார்கள், பபிள் சிபேப் பிரிவில் 17 சதவீதம். டாக்காவில் உயிர் காத்த அதே தத்துவம் இங்கே உயிர்களைப் பறித்ததாகத் தெரிகிறது. குழந்தைகளும் வேறு, நோயின் கூட்டும் வேறு. அதை மறுக்க முடியாது. ஆனால் மிக முக்கியமான வேறுபாடு ஒன்று இருந்தது. சலிமா வார்டில் தினசரி மருத்துவர் மேற்பார்வை இல்லை. டாக்காவில் இருந்தது அனுபவமுள்ள தீவிர சிகிச்சைக் குழு; வயிறு உப்புகிறதா, மூக்கு புண்ணாகிறதா, குழந்தை களைத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு எத்தியோப்பியாவில் பொது மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் மேற்பார்வை செய்யும் 12 மருத்துவமனைகளில் சிஷ்டி குழுவினர் மீண்டும் சோதித்தார்கள். 2024-ல் வெளியான அந்த முடிவு பாட்டிலுக்குச் சாதகமாக வந்தது. மூன்று ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, டாக்காவில் கண்டுபிடிக்கப்பட்டதில் பாட்டில் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி அதைச் சுற்றி நின்ற வார்டு.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு: ஆஸ்பத்திரியைப் பட்டறை ஆக்கினால் குழந்தைகள் சோதனைப் பொருளாகிவிட மாட்டார்களா? தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லவோ, வேண்டாம் என்று மறுக்கவோ முடியாத நோயாளி அது. இந்தக் கவலைக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. 1940-களில் குறைப்பிரசவக் குழந்தைகளைக் காப்பாற்ற நவீன இன்குபேட்டர்களில் தாராளமாக ஆக்சிஜன் விட்டார்கள். 1942-ல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, இப்படிப்பட்ட குழந்தைகளிடம் இனம் தெரியாத ஒரு குருட்டுத்தன்மையைக் கண்டு எழுதினார். காரணம் உறுதியாவதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950-ல் பிறந்த பாடகர் ஸ்டீவி வண்டர் அவர்களில் ஒருவர். நவீன வசதி எந்த ஊரில் அதிகமோ அந்த ஊரில் குருடும் அதிகம். ஆனால் இந்தக் கொடுமை நேர்ந்தது சோதனை செய்ததால் இல்லை, சோதிக்காமலேயே எல்லோருக்கும் கொடுத்ததால். அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953-54-ல் 786 குழந்தைகளிடம் முறையாக ஒப்பிட்டபோதுதான் ஆக்சிஜன் குற்றவாளி என்று நிரூபணமானது. அதற்கு முன் வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் நடத்திய ஆய்வில், குறைந்த ஆக்சிஜன் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு அநியாயம் நடக்கிறதென்று எண்ணி, இரவில் நர்ஸ்கள் இரக்கத்தோடு ஆக்சிஜனைத் திறந்துவிட்டதும் உண்டு. அவர்கள் நல்லவர்கள், குழந்தையின் மூச்சுக்காகத் துடித்தவர்கள். நல்ல மனது மட்டும் குழந்தையைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வலிக்கும் சான்று தெரியவில்லை. பிறகு ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்ததும் தீங்கானது. எவ்வளவு கொடுப்பது சரி என்ற கேள்வி 2010-லும் தீரவில்லை. அந்த ஆண்டு வெளியான 1,316 குழந்தைகளின் ஆய்வில், குறைந்த அளவு வைத்த பிரிவில் கண் பாதிப்பு குறைந்தது, இறப்பு கூடியது.

அந்தக் கண் நோய் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் மாவட்டந்தோறும் பெருகியபோது, பிழைத்த குறைப்பிரசவக் குழந்தைகளோடு அந்த நோயும் வந்தது. பிறந்த சில வாரங்களுக்குள் விழித்திரையைப் பார்த்து, தேவைப்பட்டால் லேசர் செய்துவிட்டால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2008-ல் தொடங்கிய கிட்ராப் திட்டம் கேமராவோடு தொழில்நுட்பப் பணியாளரைச் சிறு ஊர்களின் மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. அவர் எடுக்கும் படத்தைப் பெங்களூரில் உள்ள நிபுணர் பார்த்துச் சொல்வார். ஒரு தொழில்நுட்பம் கொண்டுவந்த ஆபத்தை இன்னொன்று தணிக்கிறது. எனவே சோதனைப் பொருளாகிவிடுவார்களா என்ற கேள்விக்கு என் பதில்: ஒப்பிடாமல், எண்ணாமல், எழுதி வைக்காமல் புதிய முறையைக் கையாளும் மருத்துவமனையில் எல்லாக் குழந்தைகளும் சோதனைப் பொருள்கள்தான், யாருக்கும் அது தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம். நெறிமுறைக் குழு, பெற்றோரின் புரிந்த சம்மதம், தேவைப்பட்டால் பாதியில் நிறுத்தும் அதிகாரமுள்ள கண்காணிப்பாளர்கள் ஆகியவை புதுமைக்குப் போடும் முட்டுக்கட்டை என்று சில தொழில்முனைவோர் பேசுகிறார்கள். அதை ஒத்துக்கொள்ளவே முடியாது. டாக்காவில் ஆய்வை நிறுத்தி, குறை வேக ஆக்சிஜனிலிருந்து குழந்தைகளைக் காத்தது அந்தக் கண்காணிப்புக் குழுதான்.

தடுப்பூசிக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் பணம் பற்றாதபோது புதுமை ஓர் ஆடம்பரம் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி, எந்த நாட்டிலும் தடுப்பூசிதான் முதலில். ஆனால் இந்தக் கேள்விக்குள் புதுமை என்றால் விலை உயர்ந்தது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. சிஷ்டியின் மருத்துவமனையின் முன்னோடியான டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில்தான் 1968-ல், வாய் வழியே கொடுக்கும் சர்க்கரை-உப்புக் கரைசல் காலராவை வெல்லும் என்று டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காட்டினார்கள். 1971-ல் வங்க தேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் அந்தக் கரைசலுக்கான பொடியைப் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடும்பத்தினர் கையிலேயே கொடுத்தார். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடம் சுமார் 3.6 சதவீதமாக விழுந்தது. இன்று நம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் வரலாறு இது. பணத்தை வீணடிப்பது உண்மையில் வேறொன்று. ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் சுமார் 40 சதவீதக் கருவிகள் பழுதாகிக் கிடப்பதாக 2011-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நன்கொடையாக வந்து இறங்கிய இன்குபேட்டர், அதற்கான உதிரி பாகமோ பழுது பார்க்க ஆளோ இல்லாமல் மூலையில் நிற்கிறது. வாங்கும் பணத்தில் ஒரு பங்கை மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பொறியாளரை அமர்த்தச் செலவிட்டிருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும். ஏன் பழுதாகிறது என்பதை அறிந்த அவரே அடுத்த கருவியைச் செய்யவும் கூடும்.

எனவே புதுமை மையம் திறக்கிறோம் என்று ஒரு குழந்தைகள் மருத்துவமனை அறிவிக்கும்போது, கட்டடத்தையும் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லையும் தாண்டிக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வாரத்தில் சில மணி நேரம் வார்டு வேலையிலிருந்து விடுபட்டுத் தன் யோசனையில் உழைக்க நர்ஸுக்கு அனுமதி உண்டா? பொறியாளர் வார்டு ரவுண்ட்ஸில் கூடவே வருகிறாரா, அல்லது வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், சிக்கலான அறுவை சிகிச்சைக்கு முன் அந்தக் குழந்தையின் ஸ்கேனிலிருந்தே உறுப்பின் மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து ஒத்திகை பார்க்கிறார்கள். கருவி செய்பவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே வேலை செய்வதால்தான் அது நடக்கிறது. பெற்றோரை நன்றிக் கடிதம் எழுதுபவர்களாக மட்டும் பார்க்காமல் வடிவமைப்புக் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்களா? பலிக்காத முயற்சிகளையும் வெளியிடுகிறார்களா? தமிழ்நாட்டில் அரசு குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் மாவட்டங்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கும் வந்துசேரும் நோயாளிகளின் எண்ணிக்கையில், பல பணக்கார நாட்டு மருத்துவமனைகள் பல ஆண்டுகளில் சேகரிக்கும் அனுபவம் மிகக் குறுகிய காலத்தில் சேர்ந்துவிடும். பொறியியல் கல்லூரிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். கருவிக்கு டெண்டர் விடும்போதே அதைக் கையாளும் நர்ஸ்களின் பயிற்சிக்கும், பழுது பார்ப்பதற்கும், முதல் ஓராண்டில் அந்தக் கருவியில் இருந்த குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்து வெளியிடுவதற்கும் அதே டெண்டரில் தனியாகத் தொகை ஒதுக்க வேண்டும்.